எந்த வருசத்து ஐ7?

கேள்வி: அண்ணாச்சி, புளியரையில் பதினோரு வருசமாக ஜெராக்ஸ், டிடிபி கடை நடத்துகிறேன். நோட்டீஸ், கல்யாணப் பத்திரிகை எல்லாம் தமிழிலும் மலையாளத்திலும் அடிப்பேன். பாஸ்போர்ட் போட்டோ, ஆன்லைன் விண்ணப்பம், பழைய பத்திரங்களை ஸ்கேன் பண்ணிக் கொடுப்பது என்று வேலை ஓடுகிறது. போன ஐப்பசியில் விழுந்த இடியில் கம்ப்யூட்டர் போய்விட்டது. மானிட்டர், பிரிண்டர், ஸ்கேனர் தப்பித்தன. கையில் 40,000 ரூபாய் இருக்கிறது. கேரளத்துப் புனலூரில் ஒரு கடையில் ‘ஐ7, 16 ஜிபி ரேம், 512 ஜிபி எஸ்எஸ்டி’ 16,500 ரூபாய் என்கிறார்கள். தென்காசியில் ஒருவர் ஐ3 போட்டு, 2 ஜிபி கிராபிக்ஸ் கார்டோடு 39,000 எழுதிக் கொடுத்தார். அந்தச் சீட்டின் போட்டோ அனுப்பியிருக்கிறேன். ஐ7 எப்படி ஐ3-இல் பாதி விலைக்கும் கீழே வரும்? பதினொன்றாம் வகுப்புப் படிக்கும் மகன் கேம் விளையாடவும் ஆகணும் என்கிறான். எதை வாங்க?

பதில்: தங்கச்சிக்கு வணக்கம்.

செகண்ட் ஹேண்டில் ஜீப் வாங்கப் போனால், எந்த வருச மாடல் என்று கேட்காமல் முன்பணம் கொடுப்பீர்களா? மாட்டீர்கள். கம்ப்யூட்டர் கடையில் மட்டும் ‘ஐ7’ என்ற சொல்லைக் கேட்டதும் நாம் எல்லோரும் வருசத்தைக் கேட்க மறந்துவிடுகிறோம். புனலூர்க் கடைக்குப் போன் போட்டு, ‘ஐ7-க்குப் பின்னால் வருகிற நம்பர் என்ன’ என்று ஒரே ஒரு கேள்வி கேளுங்கள். 2600 அல்லது 3770 என்றுதான் பதில் வரும் என்று நினைக்கிறேன். கடைசி மூன்று இலக்கத்தை விட்டுவிட்டு முன்னால் நிற்பதைப் படித்தால் அதுதான் தலைமுறை. 3770 என்றால் மூன்றாம் தலைமுறை, 2012-இல் வந்தது. தென்காசிக்காரர் எழுதியிருக்கும் ஐ3-12100 பன்னிரண்டாம் தலைமுறை, 2022-இல் வந்தது. இரண்டிலும் நாலு கோர் (வேலை செய்கிற கை), எட்டு த்ரெட் (ஒரே நேரத்தில் ஓட்டுகிற வேலை). ஆனால் அந்த ஐ7 செய்கிற வேலையில் ஏறத்தாழ இரண்டு மடங்கை இந்த ஐ3 செய்துவிடும், அதுவும் குறைந்த கரண்டில்.

நேரில் போகிறவர்களுக்கு இன்னொரு வழி உண்டு. மெஷின் ஓடிக்கொண்டிருக்கும்போது கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள். டாஸ்க் மேனேஜர் திறக்கும். அதில் பெர்ஃபார்மன்ஸ் பக்கத்தில் சிபியுவைத் தொட்டால் முழுப் பெயரும் நம்பரோடு நிற்கும். கீழே மெமரியைத் தொட்டால் வேகம் தெரியும். 1333 அல்லது 1600 என்று காட்டினால் அது டிடிஆர்3, இன்றைய மதர்போர்டு எதிலும் செருக முடியாத ரேம். கேபினெட்டின் மேல் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரைப் பார்க்கவே வேண்டாம். அது தனியாகவே விற்கிறது.

அந்த விலை எப்படிக் கட்டுப்படியாகிறது என்றால், பெரிய அலுவலகங்கள் கழித்துக்கட்டும் மெஷின்களிலிருந்து ப்ராசஸரைக் கழற்றி எடுக்கிறார்கள். அதற்குப் பொருத்தமாக எச்61 என்ற 2011-ஆம் வருசத்து சிப்செட்டில் புதிதாக போர்டு செய்து விற்கிறார்கள். போர்டு புதுசு, பெட்டி புதுசு, எஸ்எஸ்டி புதுசு, உள்ளே இருக்கும் மூளை மட்டும் பழசு. ப்ராசஸரை நான் குறை சொல்லமாட்டேன். என் அனுபவத்தில் ப்ராசஸர் சாவது அபூர்வம். சாவது அந்த போர்டும், அதோடு வரும் எஸ்எம்பிஎஸ்ஸும்தான் (சுவர்க் கரண்டை மெஷினுக்கு ஏற்றபடி மாற்றிக் கொடுக்கும் பெட்டி). எச்61-இல் எஸ்எஸ்டி மாட்டினாலும் பாதி வேகம்தான் கிடைக்கும், ஏனென்றால் டிஸ்க்கைச் செருகும் அதன் சாட்டா வாசலே பழைய அளவு. 16 ஜிபிக்கு மேல் ரேமும் ஏறாது.

உங்கள் தொழிலுக்கு இதைவிடப் பெரிய தடங்கல் ஒன்று உண்டு. விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாஃப்ட் ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்தது. விண்டோஸ் 11 முறைப்படி ஏற வேண்டும் என்றால் இன்டெலில் எட்டாம் தலைமுறை அல்லது அதற்கு மேல், கூடவே டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சிப் வசதியும் வேண்டும். மூன்றாம் தலைமுறையில் குறுக்கு வழியில் ஏற்றிக் கொடுப்பார்கள், ஓடவும் செய்யும். ஆனால் ஊரார் ஆதாரும் வங்கிப் புத்தகமும் ஸ்கேன் ஆகிற மெஷின் அது. அதில் குறுக்கு வழி வேண்டாம். (சொல்லும்போதே ஒன்று: வந்தவர்கள் ஆதார் நகலை டெஸ்க்டாப்பில் அப்படியே விட்டு வைக்காதீர்கள். வேலை முடிந்ததும் அழித்துவிடுங்கள்.)

கையில் 16,500 மட்டும்தான் இருக்கிறது என்று எழுதியிருந்தால், புதுப் பெட்டி ஆசையை விடுங்கள், எட்டாம் தலைமுறை ஐ5 போட்ட பழைய அலுவலக மெஷினை நல்ல கடையில் பார்த்து எடுங்கள் என்று சொல்லியிருப்பேன். ஐ5-8500 என்று கேட்டால் ஆறு கோர், விண்டோஸ் 11 ஒழுங்காக ஏறும். அதில் ஒரே தொல்லை, பல கம்பெனி மெஷின்களில் எஸ்எம்பிஎஸ் பின் அவர்கள் சொந்த அளவில் இருக்கும். போனால் சாதாரணக் கடைச் சரக்கு பொருந்தாது.

இப்போது தென்காசிச் சீட்டு. நல்ல எண்ணத்தோடு எழுதியதுதான், ஆனால் இரண்டு இடத்தில் எனக்கு உறுத்துகிறது. ப்ராசஸர் வரியைப் பெரிதாக்கிப் பார்த்தேன்: 12100எஃப். அந்த ‘எஃப்’ என்கிற ஒரு எழுத்து, உள்ளே கிராபிக்ஸ் கிடையாது என்று அர்த்தம். அதனால்தான் கீழே தனியாக ஜிடி 730 கார்டு எழுத வேண்டி வந்தது. அது 2014-இல் வந்த கார்டு. மானிட்டரில் படம் வரும், அதற்கு மேல் எதிர்பார்க்காதீர்கள். ‘2 ஜிபி கிராபிக்ஸ்’ என்றதும் மகன் கண் விரிந்திருக்கும், பாவம். எஃப் இல்லாத 12100 எடுத்தால் படம் காட்ட ப்ராசஸரே போதும், கார்டுக்குக் கொடுக்கும் காசு மிச்சம். வேடிக்கை என்னவென்றால் அதற்குள் இருக்கும் கிராபிக்ஸின் பெயரும் யுஎச்டி 730. பெயரில் உள்ள 730-ஐ வைத்து இரண்டையும் குழப்பிக்கொள்ளாதீர்கள்.

இரண்டாவது உறுத்தல் கடைசி வரியில்: ‘கேபினெட் வித் எஸ்எம்பிஎஸ்’. கம்பெனிப் பெயர் இல்லை, வாட் இல்லை. அதைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன், அங்கேதான் நிறையச் சொல்ல வேண்டியிருக்கிறது.

மகனையும் கணக்கில் சேர்த்தால் என் கை போவது ஏஎம்டியின் ரைசன் 5 5600ஜி பக்கம். 2021-இல் வந்தது, ஆறு கோர், பன்னிரண்டு த்ரெட். பின்னால் வரும் ‘ஜி’ உள்ளே கிராபிக்ஸ் உண்டு என்பதற்கு. இன்டெலில் ‘எஃப்’ சேர்ந்தால் கிராபிக்ஸ் போகிறது, இங்கே ‘ஜி’ சேர்ந்தால் வருகிறது. கடைக்காரர் ‘5600தானே, எல்லாம் ஒன்றுதான்’ என்று ஜி இல்லாததைக் கொடுத்தால் வாங்காதீர்கள், வீட்டுக்கு வந்து மாட்டினால் திரை கறுப்பாகவே நிற்கும். இதற்குள் இருக்கும் வேகா கிராபிக்ஸில் வாலரண்ட் மாதிரி விளையாட்டு ஃபுல் எச்டியில், செட்டிங்கைக் குறைத்து வைத்தால் சுகமாக ஓடும். ஜிடி 730 இதன் பக்கத்தில் வராது. புதிதாக வரும் கனமான விளையாட்டுகள் ஓடாது. அதை இப்போதே அவனிடம் சொல்லிவிடுங்கள், இல்லையென்றால் பிறகு ‘அண்ணாச்சி சொன்னாரே’ என்று என் பெயரை இழுப்பான். வாலரண்டுக்கு விண்டோஸ் 11-இல் டிபிஎம் வேண்டும் என்பதால், அந்த 16,500 ரூபாய் ஐ7-இல் அவன் ஆசையும் நடந்திருக்காது.

இது ஏஎம்4 சாக்கெட் (போர்டில் ப்ராசஸர் உட்காரும் இடம்), பழையது, நாளைக்குப் புதிய ப்ராசஸர் போட முடியாது என்று யூடியூப்பில் சொல்வார்கள். உண்மைதான். 2022-இல் ஏஎம்5 வந்துவிட்டது, அதற்கு டிடிஆர்5 ரேம்தான் போட வேண்டும். ஆனால் கடை வைத்திருப்பவர்கள் இரண்டு வருசத்துக்கு ஒருமுறை ப்ராசஸர் மாற்றி நான் பார்த்ததில்லை. ஓடுகிறவரை ஓட்டுவோம், ஓடாதபோது எல்லாவற்றையும் மாற்றுவோம். அதனால் உங்களுக்கு அந்தப் பேச்சு தேவையில்லை. கேம் பேச்சே இல்லையென்றால் எஃப் இல்லாத ஐ3-12100, எச்610 போர்டு போதும். டிடிபி வேலைக்கு அதுவே தாராளம்.

5600ஜிக்கு போர்டு ஏ520 போதும். பி550-க்குக் கூடுதல் காசு கொடுத்து உங்களுக்கு ஆகப்போவது ஒன்றுமில்லை. வாங்கும்போது பின்பக்கம் பாருங்கள். உங்கள் பழைய மானிட்டர் விஜிஏ ஒயரா, எச்டிஎம்ஐயா? ஏ520-இல் இரண்டு வாசலும் இருக்கிற போர்டுகள் நிறைய உண்டு, ஆனால் எல்லாவற்றிலும் இல்லை. போர்டு மேல் எம்.2 ஸ்லாட் இருக்கிறதா என்றும் பாருங்கள், எஸ்எஸ்டி அதில்தான் உட்காரும்.

ரேமில் 16 ஜிபிக்குக் கீழே இறங்காதீர்கள். காரணம் உங்கள் பழைய பத்திரங்கள். உங்கள் செங்கோட்டைப் பக்கம் 1949 வரை திருவிதாங்கூர்ச் சீமை, பிறகு 1956 வரை திருவிதாங்கூர்-கொச்சி. அந்தக் காலத்துப் பத்திரத்தை எடுத்துக்கொண்டு வருகிறவர்கள் எழுத்து தெளிவாக வேண்டும் என்பார்கள், நீங்களும் 600 டிபிஐயில் ஸ்கேன் போடுவீர்கள். ஏ4 தாள் ஒன்று அந்த அளவில் 4,960-க்கு 7,016 புள்ளிகள். கலரில் திறந்தால் மெமரியில் 100 எம்பிக்கு மேல் பிடிக்கும். பத்துப் பக்கம் சேர்த்துத் திறந்து, கறையை எடுத்து, ஒவ்வொரு படியையும் ஃபோட்டோஷாப் நினைவில் வைத்துக்கொண்டால் 8 ஜிபி எங்கே போனது என்றே தெரியாது. அதோடு இந்த ப்ராசஸரின் கிராபிக்ஸுக்குச் சொந்த மெமரி கிடையாது, ரேமிலிருந்துதான் ஒரு பங்கு எடுத்துக்கொள்ளும்.

அந்தப் பதினாறையும் ஒரே குச்சியாக வாங்காமல் 8, 8 என்று இரண்டாக வாங்குங்கள். இரண்டு குச்சி என்றால் ப்ராசஸருக்கும் ரேமுக்கும் இடையில் இரட்டை வழி திறக்கும், உள் கிராபிக்ஸில் வித்தியாசம் கண்ணுக்கே தெரியும். 3200 வேகம் கேளுங்கள். 2025 கடைசியிலிருந்து ரேம் விலை ஏறிவிட்டது. ஏஐ டேட்டா சென்டர்களுக்குப் போகிற சரக்குக்கே கம்பெனிகள் முதலிடம் கொடுப்பதால் நமக்கு வருவது குறைந்து விலை கூடுகிறது. பணம் முட்டுகிறது என்றால் இப்போது ஒரு 8 போட்டுவிட்டு, இரண்டு மாதம் கழித்து அதே கம்பெனி, அதே வேகத்தில் இன்னொன்று போடுங்கள். அதற்காக எஸ்எம்பிஎஸ்ஸில் கை வைக்காதீர்கள்.

எஸ்எஸ்டி 500 ஜிபி, என்விஎம்இ (எம்.2 ஸ்லாட்டில் உட்காரும் வேகமான ரகம்). சாட்டாவா என்விஎம்இயா என்ற வேக வித்தியாசத்தை உங்கள் வேலையில் பெரிதாக உணரமாட்டீர்கள், ஆனால் விலை கிட்டத்தட்ட ஒன்றாக இருக்கும்போது மெதுவானதை ஏன் எடுக்க வேண்டும். தெரிந்த கம்பெனி, ஐந்து வருச வாரண்டி என்று கேளுங்கள்.

இப்போது எஸ்எம்பிஎஸ். முதலில் என் கதையைச் சொல்லிவிடுகிறேன். கடை ஆரம்பித்த புதிதில் ஒரு டியூஷன் சென்டருக்குப் பத்து மெஷின் கட்டிக் கொடுத்தேன். விலையைக் குறைத்தால்தான் ஆர்டர் கிடைக்கும் என்ற நிலை. ப்ராசஸரில் குறைத்தால் கண்டுபிடித்துவிடுவார்கள், ரேமில் குறைத்தால் திரையிலேயே தெரியும். எஸ்எம்பிஎஸ்ஸில் குறைத்தால் யாருக்கும் தெரியாது. குறைத்தேன். இரண்டு கோடை தாண்டவில்லை. நாலு மெஷின் போனது, அதில் ஒன்று போகும்போது போர்டையும் ஹார்ட் டிஸ்க்கையும் சேர்த்துக் கூட்டிக்கொண்டு போனது. மிச்சம் பிடித்ததைவிடக் கூடுதலாகக் கொடுத்துச் சரிபண்ணினேன். அன்றிலிருந்து யானை வாங்க வருகிறவர்களிடம் அங்குசத்தில்தான் முதலில் பேச்சை ஆரம்பிக்கிறேன்.

பெட்டியோடு இலவசமாக வருகிற ‘450 வாட்’ எஸ்எம்பிஎஸ் ஒன்றையும், தனியாக வாங்கும் நல்லது ஒன்றையும் இரண்டு கையில் தூக்கிப் பாருங்கள். இலவசம் காலி டப்பா மாதிரி இருக்கும். நான் திறந்து பார்த்தவற்றில், கரண்ட் நுழைகிற இடத்தில் ஃபில்டர் காயில் இருக்க வேண்டிய இடம் வெறுமையாக, சின்னக் கம்பித் துண்டு ஒன்றை வைத்துப் பற்றவைத்திருப்பார்கள். போர்டில் இடம் அச்சடித்திருக்கும், பொருள் இருக்காது. (நீங்கள் திறந்து பார்க்க வேண்டாம். ஒயரைப் பிடுங்கிய பிறகும் உள்ளே கெப்பாசிட்டரில் 300 வோல்ட்டுக்கு மேல் நிற்கலாம்.) உங்கள் மெஷின் முழு மூச்சில் ஓடினாலும் 150 வாட்டைத் தொடுவது கஷ்டம். அதனால் பெரிய வாட் தேவையில்லை, உண்மையான வாட் தேவை. 80 பிளஸ் ப்ரான்ஸ் முத்திரை, 450 வாட், ஐந்து வருச வாரண்டி, பில்லில் தனி வரி. 80 பிளஸ் என்பது திறனுக்கான முத்திரை, பாதுகாப்புக்கானது அல்ல. இருந்தாலும் அந்தத் தேர்வைத் தாண்டுகிற சரக்கில் கம்பித் துண்டு வேலை பெரும்பாலும் நடக்காது.

நல்ல எஸ்எம்பிஎஸ் மாட்டியதும் சில பேர் திரும்பி வருவார்கள்: ‘கேபினெட்டைத் தொட்டால் சுர்ருங்குது அண்ணாச்சி, பழசே தேவலை.’ பழையதில் ஃபில்டரே இல்லை, அதனால் சுர்ரென்று இழுக்கவில்லை. நல்லதில் இரண்டு சின்ன கெப்பாசிட்டர்கள், ஒன்று பேஸிலிருந்தும் மற்றது நியூட்ரலிலிருந்தும் எர்த்துக்குக் கட்டியிருக்கும். எர்த் சரியாக இருந்தால் அந்தத் துளிக் கரண்ட் மண்ணுக்குப் போய்விடும். எர்த் இல்லையென்றால் கேபினெட் தகரத்திலேயே சுமார் 115 வோல்ட் நிற்கும். கரண்ட் அளவு கொஞ்சம் என்பதால் உயிருக்கு ஒன்றும் ஆகாது, ஆனால் அது உங்கள் சுவரைப் பற்றி ஒரு சேதி சொல்கிறது. பிளக்கின் மூன்றாவது பின்னுக்குப் பின்னால் ஒன்றுமில்லை என்பதுதான் அந்தச் சேதி.

உங்கள் ஐப்பசி இடிக்கு வருவோம். தெற்கிலும் மேற்கிலும் மலை நிற்கிற ஊர் உங்களுடையது. சித்திரை, வைகாசிக் கோடை மழையிலும், ஐப்பசி சாயங்காலத்திலும் இடி எப்படி இறங்கும் என்று நான் சொல்லத் தேவையில்லை, அந்த ஐப்பசி மழையைக் கேரளத்தார் துலாவர்ஷம் என்பார்கள். மானிட்டர் தப்பித்து சிபியு மட்டும் போனது என்று எழுதியிருக்கிறீர்கள். இடி கரண்ட் ஒயரில் வந்ததா, ரூட்டரிலிருந்து இன்டர்நெட் கொண்டுவரும் லேன் ஒயரில் வந்ததா என்று போர்டைப் பார்த்தால் தெரியும். பின்பக்கம் லேன் ஒயர் செருகும் இடத்துக்கு நேர் உள்ளே ஒரு கறுப்புச் சிப் இருக்கும். அதன் மேல் சின்ன அம்மைத் தழும்பு மாதிரிப் பொரிந்திருந்தால் வந்த வழி அதுதான். ‘எங்களுக்கு ஃபைபர்தானே, கண்ணாடிதானே’ என்பார்கள். கண்ணாடியில் வராது, உண்மை. ஆனால் ரூட்டரின் அடாப்டர் சுவரில் இருக்கிறது, அது வழியாக ஏறி லேன் ஒயரில் இறங்கும். கம்பத்திலிருந்து வருகிற ஃபைபர் ஒயரில் தாங்குவதற்காக இரும்புக் கம்பி வைத்த ரகமும் உண்டு.

அதனால் புது மெஷினுக்கு லேன் ஒயரே வேண்டாம், யுஎஸ்பியில் செருகும் வைஃபை ஒன்று வாங்கிப் போடுங்கள். ஒரு வாசல் அடைந்துவிடும். மற்ற வாசல் எர்த். கம்ப்யூட்டர் வாங்குவதற்கு முன்னால் வயர்மேனைக் கூப்பிட்டு, கடை பிளக்கில் நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் நடுவில் மீட்டர் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். இரண்டு மூன்று வோல்ட்டுக்குள் இருக்க வேண்டும். அதற்கு மேல் ஏறினாலோ, எர்த் ஒயரே இல்லை என்று அவர் சிரித்தாலோ, 40,000-இல் ஒரு பகுதியை எடுத்து எர்த் குழி தோண்டுங்கள். ஸ்பைக் பஸ்டர் பலகை வாங்கினால் தீர்ந்தது என்று நினைக்க வேண்டாம். அதற்குள் இருக்கும் சின்ன வேரிஸ்டர் ஒவ்வொரு அடியையும் வாங்கித் தேய்ந்துகொண்டே வரும், என்றைக்குத் தீர்ந்தது என்று சொல்லாது. சிலவற்றில் அதுவும் இருக்காது, வெறும் பலகைதான். வானம் கறுத்தால் பிளக்கைப் பிடுங்குவதற்கு ஈடான கருவி இன்னும் வரவில்லை. இடியில் போனால் எந்த வாரண்டியும் வராது என்பதையும் சேர்த்து மனதில் வையுங்கள்.

கடையில் இன்வெர்ட்டர் இருக்கிறதா என்று எழுதவில்லை. இருந்தால் அதில் யுபிஎஸ் மோட், நார்மல் மோட் என்று ஒரு சுவிட்ச் இருக்கும், பெரும்பாலும் யாரும் தொடாதது. யுபிஎஸ் பக்கம் தள்ளுங்கள். கரண்ட் போய் பேட்டரி ஏறுவதற்கு இடையில் வருகிற இடைவெளியை எஸ்எம்பிஎஸ் தன் கெப்பாசிட்டரில் உள்ளதை வைத்துத் தாக்குப்பிடிக்க வேண்டும். அதனால் தாங்க முடிவது சுமார் 16 மில்லி விநாடி. நார்மல் மோடில் இடைவெளி அதைத் தாண்டிவிடும், மெஷின் ரீஸ்டார்ட் ஆகும், பாதி அடித்த பத்திரிகை போகும். ‘ஸ்கொயர் வேவ்’ இன்வெர்ட்டராக இருந்தால் சில புது எஸ்எம்பிஎஸ்கள் அதோடு ஒத்துப்போகாது. அப்போது மெஷினுக்கு மட்டும் 600 விஏ யுபிஎஸ் வைத்தால் போதும், அதன் 360 வாட் உங்களுக்கு அதிகம். கையில் கிடைக்கிற ஐந்து பத்து நிமிசத்தில் சேவ் பண்ணி மூடுவதற்குத்தான் அது, படம் பார்ப்பதற்கு இல்லை.

கேபினெட்டில் எனக்குப் பெரிய விருப்பம் எதுவும் இல்லை. முன்னால் காற்று உள்ளே போக வலை இருக்க வேண்டும், பின்னால் ஒரு ஃபேன் இருக்க வேண்டும். கண்ணாடிக் கதவும் கலர் விளக்கும் மகன் கேட்பான், அது உங்கள் வீட்டுப் பஞ்சாயத்து. ஆனால் ஒன்று. பின்பக்கம் கார்டு செருகும் இடங்களை மூடியிருக்கும் தகரப் பட்டையை எந்தக் காரணத்துக்கும் கழற்றி விடாதீர்கள். போன வருசம் ‘ஒரு மாதிரி வாடை வருது’ என்று எங்களிடம் வந்த மெஷின் ஒன்றைத் திறந்தோம். அந்த ஓட்டை வழியாகப் பல்லி ஒன்று உள்ளே போய், எஸ்எம்பிஎஸ் சூட்டுக்குச் சுகமாகப் படுத்திருந்து, ஒரு காலை இந்தப் பக்கமும் ஒரு காலை அந்தப் பக்கமும் வைத்திருக்கிறது. சாரல் காலத்தில் அதுகளுக்கும் குளிரும் போல. தரையில் வைக்காமல் ஒரு பலகை மேல் வையுங்கள். சாரல் சீசனில் நாலைந்து நாள் கடை பூட்டியிருந்தாலும், திறந்ததும் ஒருமுறை மெஷினைப் போட்டு ஒரு மணி நேரம் ஓட விடுங்கள், ஈரம் வற்றும். திரை வராமல் பீப் பீப் என்று கத்தினால், மெஷினை அணைத்து, பிளக்கைப் பிடுங்கிவிட்டு, ரேமைக் கழற்றி, அதன் தங்க நிற விளிம்பைப் பள்ளிக்கூட ரப்பரால் மெதுவாகத் தேய்த்து, தூளை ஊதிவிட்டு மாட்டுங்கள். பாதி நேரம் அதோடு சரியாகும். என் பிழைப்பில் மண் போடுகிற ரகசியம் இது, வைத்துக்கொள்ளுங்கள்.

புனலூரா தென்காசியா என்ற கேள்விக்கு: வரியில் வித்தியாசம் இல்லை. ஒரு காலத்தில் வாட் என்கிற மதிப்புக் கூட்டு வரி அங்கே ஒரு கணக்கு, இங்கே ஒரு கணக்கு என்று இருந்தது, ஆரியங்காவு செக்போஸ்ட்டில் பில்லை நீட்ட வேண்டியிருக்கும். 2017 ஜூலை 1-இல் ஜிஎஸ்டி வந்த பிறகு மலைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் இந்தப் பொருள்களுக்கு அதே 18 சதவீதம். ஆகவே எங்கே பில் ஒழுங்காகப் போடுகிறார்களோ அங்கே வாங்குங்கள். ஒவ்வொரு பொருளும் தனி வரியில், சீரியல் நம்பரோடு, ஜிஎஸ்டி எண் உள்ள பில். ‘பில் இல்லாமல் என்றால் குறைத்துத் தருகிறேன்’ என்றால், வாரண்டியையும் சேர்த்துக் குறைக்கிறார் என்று அர்த்தம். ப்ராசஸர் கம்பெனி டப்பாவில், சீல் உடையாமல் வர வேண்டும். அதற்கு மூன்று வருச வாரண்டி உண்டு, கூலரும் உள்ளேயே இருக்கும். ‘ட்ரே’ சரக்கு என்று வெறும் ப்ராசஸரைத் துணியில் சுற்றினாற்போலக் கொடுத்தால் வாரண்டி கடைக்காரரின் வாயில்தான். போர்டு போனால் எந்த ஊர் சர்வீஸ் சென்டருக்கு அனுப்புவார்கள், அனுப்பும் செலவு யாருடையது என்பதைப் பணம் கொடுப்பதற்கு முன்னால் கேளுங்கள். உங்களுக்கு மதுரைக்கும் திருவனந்தபுரத்துக்கும் பஸ் ஏறி இறங்க நேரம் இருக்காது.

விலையை ரூபாயில் எழுதாமல் விட்டதற்குக் காரணம், ரேம் விலை ஓடுகிற ஓட்டத்தில் நான் எழுதியது அச்சில் வரும்போது பொய்யாகிவிடும். பங்காகச் சொல்கிறேன். 40,000-ஐப் பத்தாக வெட்டினால் நாலு பங்கு ப்ராசஸருக்கும் போர்டுக்கும், நாலு பங்கு ரேமுக்கும் எஸ்எஸ்டிக்கும், மிச்சம் இரண்டு பங்கில் எஸ்எம்பிஎஸ் பெரியதும் கேபினெட் சிறியதுமாக. எர்த் வேலை வந்தால் இரண்டாவது ரேம் குச்சி காத்திருக்கட்டும். விண்டோஸ் லைசென்ஸ் இந்தக் கணக்கில் இல்லை, அதைத் தனியாகக் கேளுங்கள். தென்காசிக்காரரிடமே போய், எஃப்பையும் கார்டையும் எடுத்துவிட்டு இந்தப் பட்டியலை எழுதித் தரச் சொல்லுங்கள். சீட்டு எழுதிக் கொடுக்கிற ஆள் பேசினால் கேட்கிற ஆளாகத்தான் இருப்பார்.

பழைய மெஷினை ஆக்கர்க்காரருக்கு, அதாவது பழைய சாமான் எடுப்பவருக்கு, போட்டுவிடாதீர்கள். அதன் ஹார்ட் டிஸ்க் உயிரோடு இருக்க நிறைய வாய்ப்பு உண்டு. கடைக்காரரிடம் கொடுத்து, புது மெஷினில் சாட்டா ஒயரில் மாட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். வந்தால், பதினோரு வருசத்துப் பத்திரிகை மாதிரிகளும் மலையாள எழுத்துருக்களும் அதில்தான் இருக்கும். முதலில் அவற்றை வெளியே காப்பி எடுங்கள், பிறகு வேண்டுமானால் அதையே வாராவாரம் காப்பி வைக்கிற இடமாக வைத்துக்கொள்ளுங்கள், எஸ்எஸ்டி முன்கூட்டிச் சொல்லிவிட்டுப் போகாது. உங்களிடம் இருப்பது டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டர் என்றால் அதையும் கடைக்காரரிடம் சொல்லிவிடுங்கள். அந்த அகலமான பாரலல் போர்ட் புது போர்டுகளின் பின்பக்கம் இருப்பதில்லை, ஒரு சின்ன கார்டு தனியாகப் போட வேண்டிவரும்.